பி.இ.டி. பீரியடைக் கூட்டினால் பிள்ளைகளின் எடை குறையுமா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு இரண்டு வருடத்தில் எடை மளமளவென்று ஏறிவிட்டது. பள்ளியில் வாரத்துக்கு இரண்டே பி.இ.டி. பீரியட். அதையும் பாதி நாள் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார். தினம் ஒரு பீரியட் வேண்டும் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளிக்கு மனு கொடுக்கப் போகிறோம். கிடைத்தால் எடை குறையுமா?"

மனுவைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதில் "எடை குறையும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு வருடம் கழித்து நிர்வாகம் பிள்ளைகளை நிறுத்தி எடை பார்க்கும். பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. "பார்த்தீர்களா, பலன் இல்லை" என்று சொல்லிக் கொடுத்த பீரியடையும் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள். பருமனைத் தடுப்பதில் பள்ளி உடற்கல்விக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் அது உடனே எடை மெஷினில் தெரிகிற பங்கு அல்ல. உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாற்பது நிமிட பீரியட். மாடியிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, அட்டெண்டன்ஸ் எடுத்து, கடைசியில் தண்ணீர் குடித்து மேலே ஏறுவதற்கே பாதி போய்விடும். மிச்சம் இருபது நிமிடம். ஐம்பது கிலோ எடையுள்ள பையன் அந்த இருபது நிமிடமும் உட்காராமல் ஓடியாடினால் ஏறக்குறைய 100 கலோரி செலவாகும். பள்ளி விட்டதும் பேக்கரியில் வாங்கித் தருகிற ஒரு முட்டை பப்ஸில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பீரியட் ஓடியதை ஒரு பப்ஸ் சரிக்கட்டிவிடும். அதோடு, ஓடிவிட்டு வருகிற பிள்ளைக்குப் பசியும் கூடும். ஆக, பீரியடை வைத்துக் கலோரியைக் கரைக்கும் யோசனை தொடக்கத்திலேயே நிற்காது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் நான்கு மாநிலங்களில் 96 தொடக்கப் பள்ளிகளை வைத்து 'கேட்ச்' என்று ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பை மாற்றியமைத்து, கேன்டீன் சாப்பாட்டையும் திருத்தினார்கள். பிள்ளைகள் வகுப்பில் நன்றாக மூச்சு வாங்க இயங்கும் நேரம் மொத்த வகுப்பு நேரத்தில் பாதியைத் தாண்டியது. ஆனால் மற்ற பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது உடல் பருமனில் வித்தியாசம் இல்லை. 2009ல் கனடா மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வும், பள்ளியில் உடற்பயிற்சியைக் கூட்டுவதால் மட்டும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) குறைவதில்லை என்றுதான் முடித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013ல் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர், வாரத்துக்கு 60 நிமிடம் உடற்கல்வி கூடினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பருமனாக இருக்கும் வாய்ப்பு 4.8 சதவீதப் புள்ளி குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் பையன்களுக்குத்தான் கிடைத்திருந்தது. டென்மார்க்கில் ஸ்வென்ட்போர்க் என்ற ஊரில் 2008லிருந்து சில பள்ளிகளில் வாரம் இரண்டாக இருந்த உடற்கல்வி வகுப்புகளை ஆறாக்கினார்கள், அதாவது மூன்று மடங்கு. அங்கே ஏற்கெனவே எடை கூடியிருந்த பிள்ளைகளிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. இன்னொரு பக்கம், டெக்சாஸில் 2007லிருந்து நடுநிலைப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்து உடற்கல்வியை அதிகமாக்கிய திட்டத்தில் உடல் தகுதியில் முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. மாறாகப் பிள்ளைகள் லீவு போடுவது கூடியது, ஒழுங்கு நடவடிக்கைகளும் கூடின.

ஒரே மருந்து ஓர் ஊரில் கேட்கிறது, இன்னோர் ஊரில் கேட்கவில்லை. காரணம், பீரியட் என்று நாம் சொல்வது ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வேறு வேறாக இருப்பதுதான். என் அனுபவத்தில் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. எத்தனை பீரியட் என்பது இரண்டாவது கேள்வி. அந்த பீரியடில் உங்கள் பையன் என்ன செய்கிறான் என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊரில் ஒரு நடுத்தர மெட்ரிக் பள்ளியின் கிரவுண்டுக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். வகுப்பு முழுவதையும் பார்க்காதீர்கள். இருப்பதிலேயே எடை கூடிய ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். விசில் அடித்ததும் டீம் பிரிப்பார்கள். நன்றாக விளையாடும் இரண்டு பேர் கேப்டன். அவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள், இந்தப் பையன் கடைசிவரை நிற்பான். கடைசியில் "சரி, நீ அந்தப் பக்கம் போ" என்பார்கள். கிரிக்கெட் என்றால் பந்தே வராத பவுண்டரி ஓரம். ஃபுட்பால் என்றால் கோல் போஸ்ட். ஓடிப்பிடிக்கிற ஆட்டம் என்றால் முதல் நிமிடத்திலேயே அவுட் ஆகி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவான், அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை. சில பள்ளிகளில் அவன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், பையன் கஷ்டப்பட வேண்டாம் என்று. ஆனால் யார் அதிகம் ஓட வேண்டுமோ அவன் உட்கார்ந்திருக்கிறான், ஏற்கெனவே டிஸ்ட்ரிக்ட் லெவலில் ஓடுகிறவன் இன்னும் ஓடுகிறான். இப்படிப்பட்ட பீரியடை இரண்டிலிருந்து ஐந்தாக்கினால் உங்கள் மகனுக்கு என்ன கூடும்? உட்காரும் நேரம் கூடும். கடைசி ஆளாக நிற்கும் அவமானம் வாரத்துக்கு ஐந்து முறையாகும்.

இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பி.இ.டி. சாரை நிர்வாகம் எதை வைத்து மதிக்கிறது? ஸோனல்ஸில் எத்தனை கப், மாவட்ட அளவில் எத்தனை பேர் தேர்வானார்கள், ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட் எப்படி இருந்தது, இவ்வளவுதான். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒருவரோ இருவரோ இருக்கிற இடத்தில், அவர் டீம் பிள்ளைகள் இருபது பேரைத் தேற்றுவதில்தான் நேரத்தைப் போடுவார். காலை பிரேயரில் வரிசை பார்ப்பது, லேட்டாக வந்தவர்களைப் பிடிப்பது, முடி வெட்டாதவர்களை நிறுத்துவது என்று பள்ளியின் போலீஸ் வேலையும் அவர் தலையில்தான். அந்தக் கடைசிப் பையனுக்காக அவர் செய்வதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

மாற்றுவது அப்படியொன்றும் கடினமில்லை, செலவும் அதிகமில்லை. நாற்பது பேருக்கு ஒரு பந்து என்பதை விட்டுவிட்டு, சுண்ணாம்புக் கோட்டால் கிரவுண்டைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு நாலைந்து பேர், ஒரு பந்து என்று வைத்தால் யாரும் சும்மா நிற்க முடியாது. டீமைக் கேப்டன்கள் பிரிக்கக் கூடாது, ஆசிரியரே வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அவுட் ஆனால் வெளியே உட்காரும் ஆட்டங்களுக்குப் பதில், தொடப்பட்டவன் தானும் கை கோத்துப் பிடிக்கப் போகிற சங்கிலி ஆட்டம் மாதிரியானவற்றை எடுக்கலாம். அதில் மெதுவாக ஓடுகிறவனும் கடைசிவரை ஓடிக்கொண்டே இருப்பான். எடை கூடிய பிள்ளைகளிடம் பெரும்பாலும் நல்ல உடல் பலம் இருக்கும். கயிறு இழுத்தல், குண்டு எறிதல், கபடியில் பிடிக்கிற பக்கம் என்று வைத்துப் பாருங்கள், கடைசியாகக் கூப்பிடப்பட்டவனை முதலில் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளைக்கு "இது எனக்கு வரும்" என்று ஒரு விஷயம் கிடைத்துவிட்டால், பிறகு அவனை கிரவுண்டுக்குத் துரத்த வேண்டியதில்லை.

உடற்கல்வியின் உண்மையான வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்று 100 கலோரியைக் கரைப்பதல்ல, பதினைந்து வயதிலும் இருபத்தைந்து வயதிலும் தானாக எழுந்து போய் விளையாடுகிற ஆளாக அவனை ஆக்குவது. பந்தைப் பிடிக்க, எறிய, எட்டிக் குதிக்க, சறுக்காமல் திரும்ப, தண்ணீரில் மிதக்கப் பத்து வயதுக்குள் கற்றுக்கொள்ளாத பிள்ளை, அதற்குப் பிறகு கூச்சப்பட்டே ஒதுங்கிவிடும். ஒதுங்குவதால் எடை கூடும், எடை கூடுவதால் இன்னும் ஒதுங்கும். இந்தச் சுற்றைத் தொடக்கத்திலேயே அறுக்கிற வசதி பள்ளிக்கு மட்டும்தான் இருக்கிறது. ஏனென்றால் எல்லாப் பிள்ளையும், பணம் கட்டி அகாடமிக்குப் போக முடியாத பிள்ளையும், அங்கேதான் இருக்கிறது.

எடை குறையாவிட்டாலும் உள்ளே நடக்கும் நன்மை ஒன்று உண்டு. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தினமும் நன்றாக ஓடுகிற பிள்ளைக்கு எடை அப்படியே இருந்தாலும் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும், ஈரலில் கொழுப்பு சேர்வது குறையும். நம் ஆட்களுக்கு இது மிகவும் முக்கியம். இந்தியப் பிள்ளைகள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்த்துக்கொள்ளும் வாகு கொண்டவர்கள் என்பதைப் புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு பச்சிளங்குழந்தைகளிடமே காட்டியிருக்கிறது. அதனால்தான் இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், பெரியவர்களின் பி.எம்.ஐ. 23க்கு இணையான கோட்டையே அதிக எடைக்கும், 27க்கு இணையான கோட்டைப் பருமனுக்கும் எல்லையாக வைத்தார்கள். உலக அளவில் வழக்கமான 25, 30ஐ விட இது குறைவு. உங்கள் மகனைப் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாமல் இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். குழந்தை மருத்துவரிடம் கண்டிப்பாக இருக்கும்.

இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் பருமனாக இருந்தவர்கள் 1990ல் சுமார் 4 லட்சம், 2022ல் 1 கோடியே 25 லட்சம். லான்செட் இதழில் 2024ல் வந்த கணக்கு இது. அதே வகுப்பில் ரத்தசோகையோடு, எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை வெயிலில் நாலு ரவுண்டு ஓடவிட்டால் மயங்கி விழும். ஆகவே "குண்டானவர்களுக்காக" என்று ஒரு பீரியடைக் கேட்காமல் எல்லோருக்குமாகக் கேளுங்கள்.

அப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. அங்கே 1992ல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைக் கல்வி அமைச்சு கொண்டுவந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியாக எடுத்து, இடைவேளையிலும் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஓடவைத்தார்கள். பள்ளிகளையும் இதை வைத்து மதிப்பிட்டார்கள். எண்ணிக்கை குறையத்தான் செய்தது. பத்து சதவீதத்துக்கு மேல் இருந்த எடை கூடிய மாணவர்களின் பங்கு பத்துக்குக் கீழே வந்தது. ஆனால் மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கூட்டம் மட்டும் அவர்கள் கண்முன்னே ஓடியது. கேலி பேச்சு, வெட்கம், சாப்பாட்டையே வெறுக்கும் மனநிலை என்று புகார்கள் வந்தன. 2007ல் அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான உடல்நலத் திட்டத்துக்கு மாறினார்கள். சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் படித்த நம் ஆட்களைக் கேட்டால் இன்னும் மறக்காமல் சொல்வார்கள். எண்ணிக்கை குறைந்ததே என்று நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்க மாட்டேன். பன்னிரண்டு வயதில் ஓட்டத்தைத் தண்டனையாகப் பார்த்த பிள்ளை, பிறகு வாழ்நாளில் ஓட விரும்புமா?

நம் பள்ளிகளிலும் இது வேறு வடிவில் நடக்கிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, கிரவுண்டை மூன்று சுற்று ஓடு. பேசினாயா, இருபது தோப்புக்கரணம் போடு. உடம்பை அசைப்பது தண்டனை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளை அசைய மாட்டேன் என்கிறதே என்று வருத்தப்படுகிறோம். உங்கள் மனுவில் இதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலக அளவில் 11 முதல் 17 வயதுக்குள் 81 சதவீதம் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பையன்களில் அது 78, பெண்களில் 85. நம் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு தாண்டியதும் பெண்கள் கிரவுண்டின் ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். ஷாலைப் பின் குத்திக்கொண்டு எப்படிக் குதிப்பாள்? மாதவிடாய் நாளில் கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு எப்படி ஓடுவாள்? கிரவுண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறையும், விளையாட்டு நாளில் டிராக் பேண்ட், தளர்வான டி-ஷர்ட்டும், முடிந்தால் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியையும் இருந்தால் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுவார்கள். நான் பார்த்தவரை, உடை மாறிய பள்ளிகளில் முதலில் மாறியது பெண்களின் எண்ணிக்கைதான்.

கிரவுண்டே இல்லை என்று சில பள்ளிகள் சொல்லும். அதற்கும் வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் ஊரிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் 2012ல் தொடங்கிய 'டெய்லி மைல்' பழக்கத்தில், பிள்ளைகள் தினமும் 15 நிமிடம் வகுப்பாசிரியரோடு வெளியே வந்து அவரவர் வேகத்தில் ஓடுகிறார்கள் அல்லது நடக்கிறார்கள். தனி உடை இல்லை, போட்டி இல்லை, பி.இ.டி. பீரியடும் கெடாது. பிறகு நடந்த ஓர் ஆய்வில் அந்தப் பிள்ளைகளின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடி, தோலடிக் கொழுப்பும் குறைந்திருந்தது. பர்மிங்ஹாமில் பெரிய அளவில் சோதித்தபோது பி.எம்.ஐ.யில் மாற்றம் மிகச் சிறியதுதான். ஆனால் செலவே இல்லாத விஷயம், செய்து பார்ப்பதில் தவறே இல்லை. சென்னை வெயிலுக்கு முதல் பீரியடுக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கேட்டுக்கு வெளியே இருக்கிற கடை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பள்ளிக் கேன்டீனுக்கும் அது பொருந்தும். மனுவோடு இந்த விதியையும் இணைத்துக் கொடுங்கள். உடற்கல்வியும் உணவும் சேர்ந்து மாறுகிற இடத்தில் பலன் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்துக்கும் ஏதாவது செய்யலாம், பென்சிலோ விதைப் பாக்கெட்டோ கொடுக்கலாம்.

ஆக, மனுவில் என்ன கேட்கலாம்? டைம்டேபிளில் இருக்கும் பி.இ.டி. பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது, பத்தாம் வகுப்பு ரிவிஷன் என்றாலும் சரி. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் ஆசிரியர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டார், அதையே சுட்டிக்காட்டலாம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் என்பது 2018-19லிருந்தே வாரியத்தின் விதி, கீழ் வகுப்புகளுக்கும் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பீரியடில் குறைந்தது பாதி நேரம் ஒவ்வொரு பிள்ளையும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். உயரமும் எடையும் பார்ப்பதென்றால் தனி அறையில் பார்த்து, பெற்றோருக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும், வகுப்பில் சத்தமாக வாசிக்கக் கூடாது. பலனை எடையால் அளக்காமல், வருடத் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடினான், கடைசியில் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். அது நிச்சயம் கூடியிருக்கும், நிர்வாகமும் அடுத்த வருடம் தொடரும்.

இத்தனையும் கிடைத்தாலும் வீட்டில் மிச்சம் இருக்கிறது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், வாரத்துக்கு 420 நிமிடம். தினம் ஒரு பீரியட் கிடைத்து, அதில் பாதி நேரம் ஓடினாலும் 100 நிமிடம்தான் ஆகும். மீதியை மாலை விளையாட்டும் சைக்கிளும் நடையும்தான் நிரப்ப வேண்டும். ஐந்தரை மணிக்கு டியூஷன் வைத்தால் அந்த நேரம் போய்விடுகிறது. முடிந்தால் டியூஷனை இருட்டிய பிறகு தள்ளுங்கள், அதற்காகத் தூக்கத்தை வெட்டாதீர்கள், தூக்கம் குறைந்தாலும் எடை ஏறும். வீட்டில் யாரும், பாட்டி உட்பட, அவனை "குண்டா" என்று செல்லமாகக்கூடக் கூப்பிட வேண்டாம். வளர்கிற வயது என்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. உயரம் கூடும்வரை எடை ஏறாமல் நிறுத்திப் பிடித்தாலே போதும். பட்டினி போட்டுவிடாதீர்கள்.

மனு போகட்டும், அதற்கு முன் உங்கள் மகனிடம் மூன்று விஷயம் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் அழுக்குப் படிந்த மாதிரி கறுத்துத் தடித்திருக்கிறதா? தேய்த்தாலும் போகாத அந்தக் கறுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதா? இரண்டில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, தொடையிலோ முட்டியிலோ வலி என்று சொல்லி நொண்டுகிறானா? எடை கூடிய பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவும் ஒரு பிரச்சினை வரலாம். வலி முட்டியில் தெரிவதால் பலர் இடுப்பைப் பார்ப்பதே இல்லை. "ஓடினால் சரியாகிவிடும்" என்று அந்தக் காலோடு கிரவுண்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டி, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை நடையைக்கூடக் குறைத்து, கூடியவரை காலை ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.